மடி

பைக் கிளட்ச் ஒயர்தான் அது. ஒரு முனையைத் தேயிலைச் செடியின் தூரில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். மறுமுனையில் சுருக்கு. அந்தச் சுருக்கு ஒரு பெண் சிறுத்தையின் இடுப்பில் இறங்கியிருந்தது.

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பதினாலு வருடமாகச் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன நவம்பரில் ஒரு காலை, கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அதற்கு உயிர் இருந்தது. ஒயர் எட்டும் தூரம் வரை வட்டமாக மண்ணைப் பிறாண்டி வைத்திருந்தது. செடியின் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. இரவு முழுக்க இழுத்திருக்கிறது. இழுக்க இழுக்க இறுகுவதுதானே சுருக்கு. வனத்துறைக்குப் போன் போட்டோம், ஆட்கள் வந்தார்கள், மயக்க ஊசி போட டாக்டர் மலையேறி வந்து சேர்வதற்குள் அது அடங்கிவிட்டது.

சுருக்கு வைத்தவர் அன்று மாலையே பிடிபட்டார். தோட்டத்தை ஒட்டி அரை ஏக்கரில் கேரட் போட்டிருப்பவர். காட்டுப்பன்றி மூன்று முறை வயலைப் புரட்டிவிட்டது. ஜீப்பில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பன்னிக்குத்தான் சார் வெச்சேன். இது தெரியாம மாட்டிருச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தைகளைக் கேட்டதும் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது. இதே வார்த்தைகளை இதே குரலில் முன்பு ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் என் அப்பா.

எனக்குச் சொந்த ஊர் மல்லிப்பட்டினம். தஞ்சாவூர் மாவட்டத்துக்குக் கடலும் உண்டு என்பது மலையில் பலருக்கு வியப்பாக இருக்கும். மனோரா கோட்டைக்குப் பக்கத்தில், பாக் விரிகுடாவின் கரையில், விசைப்படகுத் துறை இருக்கும் ஊர். அப்பா அங்கே இன்னொருவர் படகில் டிரைவர். எங்கள் பக்கத்தில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை உண்டு. விசைப்படகு போய்த் திரும்பும் காலைகளில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் நான் துறைக்குப் போவேன். அப்பா ஒரு கை நண்டோ நாலு கணவாயோ பையில் போட்டுத் தருவார்.

1996ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது. அன்று அப்பாவின் படகைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. பின்பக்கத் தட்டில் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. கவிழ்த்துப் போட்ட சின்ன வள்ளம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனதும்தான் அதற்குத் தோல் இருந்தது தெரிந்தது. தோல்மேல் அங்கங்கே முள் மாதிரி முடி. மூக்குத் துவாரம் இரண்டும் மூடிபோட்டது போல அடைத்திருந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்னக் கண்ணா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. ஆவுளியா. புத்தகத்தில் கடல்பசு என்று போட்டிருப்பார்கள், எங்கள் கடற்கரையில் ஆவுளியா என்றுதான் சொல்வோம்.

யாரோ அதைப் புரட்டினார்கள். முன்துடுப்பின் அடியில், நமக்கு அக்குள் இருக்குமே அந்த இடத்தில், முலைக்காம்பு. அதிலிருந்து பால் கசிந்து தட்டின் ஈரத்தில் வெள்ளைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

மீன் வாங்க வந்திருந்த கூடைக்காரக் கிழவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "குட்டி எங்கடா?" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம மாட்டிருச்சு ஆத்தா" என்றார்.

இருட்டியதும் அதைக் கயிறு கட்டிக் கடலுக்கே இழுத்துப் போய் விட்டுவிட்டார்கள். கறிக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆவுளியாவைத் தொட்டால் ஜெயில் என்பது எல்லோருக்கும் தெரியும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலியும் யானையும் இருக்கும் அதே முதல் பட்டியலில்தான் ஆவுளியாவும் இருக்கிறது. சொன்னால் வம்பு, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஆவுளியா எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கடலில் இப்படிச் சாகும் உயிர்களின் எண்ணிக்கையைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அந்தக் கயிறுதான் கண்ணில் வரும். எழுதி வைத்திருப்பது பார்த்தவர்கள் சொன்னது மட்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இழுவை வலை என்றால் என்னவென்று தெரியாமலிருக்கலாம், அதனால் சொல்கிறேன். புனல் மாதிரி ஒரு பெரிய பை. வாயின் இரு பக்கமும் கனமான பலகைகள், படகு இழுக்கும்போது தண்ணீரின் விசையில் அவை எதிரெதிர்ப் பக்கம் விலகி வாயை அகலத் திறந்து பிடிக்கும். மேல்கயிற்றில் மிதவை, கீழ்க்கயிற்றில் ஈயமும் சங்கிலியும். அந்தச் சங்கிலி தரையை உரசிக்கொண்டே போகும், தரையில் படுத்திருக்கும் இறால் துள்ளியெழுந்து பைக்குள் போகும். பின்கோடியில் எல்லாம் வந்து சேரும் இடத்துக்கு மடி என்று பெயர். பசுவுக்கு இருப்பதும் மடிதான், அம்மா படுக்க வைத்துக்கொள்வதும் மடிதான். சின்ன வயதில் அந்தப் பெயரை நான் யோசித்ததேயில்லை. அந்தக் காலைக்குப் பிறகு அந்தச் சொல் என்னிடம் பழையபடி வரவில்லை.

ஒருமுறை வலை விட்டால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் இழுப்பார்கள். ஆவுளியா சாதாரணமாக இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்கும். அடக்கிப் பிடித்தாலும் பத்து நிமிடத்தைத் தாண்டுவது அரிது. ஓங்கிலும், அதாவது டால்பினும், கரையோரத்தில் வாழும் வகைகள் நிமிடக் கணக்கில்தான் தாக்குப்பிடிக்கும். மீனுக்கு வலை ஒரு சிறை, பாலூட்டிக்கோ அது உடனே தூக்குக்கயிறு. நீந்தத் தெரிந்தது நீரில் மூழ்கிச் சாவது நமக்கு விளங்காது. உண்மையில் அவற்றின் நுரையீரலுக்குள் பெரும்பாலும் தண்ணீர் போவதில்லை. மேலே வரும்வரை மூக்கைத் திறக்கக் கூடாது என்பது அவற்றின் உடம்பில் எழுதியிருக்கிறது. கடைசிவரை மூடியபடியே வைத்திருந்து, மூச்சு முட்டிச் செத்துப்போகின்றன. நான் பார்த்த அந்த அடைத்த மூக்குக்கு அர்த்தம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஓங்கில் கதை இன்னும் கொடுமை. அது புத்திசாலி. இழுவைப் படகின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே தேடி வரும். வலை வாயில் திரளும் மீனைத் தின்னும், கண்ணியில் துருத்தியிருப்பதைப் பிய்த்து எடுக்கும். அதற்கு அந்தப் படகு ஒரு சாப்பாட்டுக் கடை. படகு திரும்பும்போதோ வலையை ஏற்றும்போதோ வாய் சுருங்கும். அந்த நேரம் உள்ளே இருந்தால் அவ்வளவுதான்.

சிறுத்தை செத்த அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். கரையில் அவருக்கு இப்போது வேலையில்லை, முழங்கால் போய்விட்டது. நடந்ததைச் சொன்னேன். பிறகு, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கேட்காததைக் கேட்டேன்.

"அப்பா, அந்த ஆவுளியா ஞாபகம் இருக்கா?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"வல விடுறதுக்கு முந்தி மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சுடா" என்றார். "நாலஞ்சு தடவ. புஸ்ஸு புஸ்ஸுன்னு. ஓங்கிலுன்னு நெனச்சுக்கிட்டேன். தாழத்தரைன்னும் தெரியும். எறா அங்கதானே கெடக்கும்."

தாழை என்று அவர் சொல்வது கடற்புல்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெயில் தரை வரை இறங்குவதால் அடியில் புல்வெளி. ஆவுளியா மேய்வது அதை மட்டும்தான், பெரியது ஒன்று ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். அந்தப் புல்லுக்குள்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. ஆவுளியா கேட்கும் இடமும் அப்பாவுக்கு வேண்டிய இடமும் ஒன்று.

போனை வைத்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. தெரியாம மாட்டிருச்சு என்றாரே, அதில் எது தெரியாது? மூச்சுச் சத்தம் தெரியும். தரை தெரியும். வலை எத்தனை மணி நேரம் அடியில் கிடக்கும் என்பது தெரியும். கேரட்காரருக்கும் சிறுத்தை அந்த வழியாக நடப்பது தெரியும், எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த ஒன்று, இந்த இரவில், இந்தச் சுருக்கில் என்பது மட்டும்தான் தெரியாது. மற்ற அத்தனையும் தெரிந்த பிறகு நடப்பதற்கு விபத்து என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. அவருக்கு இழுவை வலையைக் கையில் கொடுத்தவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கத்து நீண்டகரையில் மீன்பிடியை நவீனமாக்கும் திட்டம் தொடங்கின. மீனவர் வாழ்க்கையை உயர்த்துவதுதான் நோக்கம். பிறகு வெளிநாட்டில் இறாலுக்கு விலை ஏறியது, அரசே மானியம் கொடுத்து விசைப்படகு கட்டச் சொன்னது. தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்து, கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது. அதற்குள் படகும் கடனும் பெருகியிருந்தன. ஆழம் இல்லாத கடல், எதிரே இலங்கை எல்லை. இறால் கரையோரம்தான் என்றால் படகு எங்கே போகும்? 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் எல்லாப் படகும் ஒரே நாளில் இறங்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, ஆவுளியாவுக்கு ஒதுங்க இடமே இல்லை என்பது புரியும்.

இழுவை வலை மட்டுமே எமன் என்றும் சொல்ல முடியாது. இந்தியப் பெருங்கடலில் ஓங்கில்களை அதிகம் கொல்வது சூரை மீனுக்கு, அதாவது டியூனாவுக்கு, சுவர் மாதிரி விரிக்கும் செவுள் வலைகள். 1950 முதல் 2018 வரை அந்த வலைகளில் சுமார் 41 லட்சம் ஓங்கில்களும் சிறு திமிங்கிலங்களும் சிக்கியிருக்கும் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உலகம் முழுக்க எல்லா வலைகளிலும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சத்துக்குக் குறையாமல் திமிங்கிலமும் ஓங்கிலும் சாகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் செவுள் வலை சிக்கியதைக் கொல்லும், இழுவை வலை புல்லையும் சேர்த்து உழுதுவிட்டுப் போகும். வலையில் மாட்டாத ஆவுளியாவுக்கும் அது பட்டினி போடுகிறது. ஆவுளியா ஒரு குட்டியை வயிற்றில் சுமப்பதே ஒரு வருடத்துக்கு மேல். குட்டி ஒன்றரை வருடம் வரை பால் குடிக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். இந்தியக் கடல் முழுவதிலும் மிஞ்சியிருப்பது சில நூறுதான். அப்பாவின் தட்டில் கிடந்த அந்த ஒன்று எவ்வளவு பெரிய இழப்பு என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் உறைத்தது.

செய்ய வழியில்லாமல் இல்லை, செய்திருக்கிறார்கள். நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுகளின் பக்கம் கணவாய் பிடிக்கும் இழுவை வலைகளில் கடற்சிங்கங்கள் மாட்டிச் செத்துக்கொண்டிருந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மடிக்கு முன்னால் சாய்வாக ஓர் இரும்புக் கம்பித் தட்டியைப் பொருத்தினார்கள். கணவாய் கம்பிகளுக்கு இடையில் நழுவி மடிக்குப் போகும். கடற்சிங்கம் தட்டியில் முட்டி, மேலே வெட்டிவிட்ட ஓட்டை வழியாக வெளியே போகும். வெளியே போனவை பிழைக்கின்றனவா, அடிபட்டு எங்கோ சாகின்றனவா என்று விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. வலையில் பிணம் இல்லை என்பதோடு திருப்தியடையாமல், பிழைத்ததா என்று கேட்கிறார்கள். கூடைக்காரக் கிழவி கேட்டதும் அதுதான்.

பிரான்சில் பிஸ்கே விரிகுடாவின் கரையில் குளிர்காலம்தோறும் ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. வழக்கு நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போனது. 2024இல் ஜனவரி 22 முதல் பிப்ரவரி 20 வரை, ஓங்கிலுக்கு ஆபத்தான வலைகளோடு 8 மீட்டருக்கு மேல் நீளமான படகுகள் அங்கே தொழிலுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தினார்கள். ஒரு மாதம் படகைக் கட்டிப்போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று தடைக்காலத்தில் வளர்ந்த எனக்குத் தெரியும். அந்த மீனவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நஷ்டஈடு இல்லாத எந்தப் பாதுகாப்பையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

நம் பக்கம் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் ஆமை தப்பிக்க இதே போல ஒரு தட்டியை உருவாக்கிப் பல வருடமாயிற்று. படகுகளில் அது பரவவில்லை. மீனும் கூடவே போய்விடும் என்ற பயம். 2019இல் அமெரிக்கா நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது, ஆமைக்காக. இன்னொரு விதியும் அங்கே உண்டு. கடல் பாலூட்டிகளைக் காக்கும் அவர்கள் சட்டமும் 1972இல் வந்ததுதான், நம் வனவிலங்குச் சட்டத்தின் அதே வயது. மீன் விற்கும் நாடுகளும் அதற்கு இணையாகத் தங்கள் கடலில் காக்க வேண்டும் என்று 2016இல் விதி செய்தார்கள், 2026 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டித்தான் நம் விஞ்ஞானிகள் நம் கடலில் எத்தனை ஓங்கில், எத்தனை திமிங்கிலம் என்று கப்பல் ஏறிக் கணக்கெடுத்தார்கள். ஏற்றுமதி நின்றுவிடும் என்ற பயத்தில் எண்ணினோம் என்பது எனக்கு வலிக்கிறது. எண்ணாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

எங்கள் ஊர்க் கடலுக்கு ஒரு நல்லது நடந்தது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்குப் பாராட்டும் பரிசும் கொடுக்கிறார்கள். அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவரின் மகன் அப்படி ஒன்றை விட்டிருக்கிறான், மேடையில் சால்வை போட்டார்கள். இருட்டில் கயிறு கட்டி இழுத்துப்போன துறையில் இன்று சால்வை. அந்த வீடியோவை எனக்கு அனுப்பியது அப்பாதான்.

குன்னூர் மார்க்கெட்டில் நான் மீன் வாங்கும் கடையில், மீன் கோயம்புத்தூர் உக்கடம் மார்க்கெட்டிலிருந்து வருகிறது. உக்கடத்துக்கு ராமேஸ்வரம், நாகப்பட்டினம், கேரளா என்று எல்லாத் திசையிலிருந்தும் வரும். தெர்மாகோல் பெட்டியைத் திறந்து பாய் ஐஸைத் தள்ளும்போது நான் இப்போது ஒன்று கேட்கிறேன், "பாய், இது இழுவையா, தூண்டிலா?" முதல் தடவை அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இப்போது அவரே உக்கடத்தில் கேட்டுவிட்டு வருகிறார். எல்லா நாளும் பதில் கிடைப்பதில்லை. மீன் சாப்பிடாதவர்களும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். மடியில் வரும் விற்காத பொடிமீனும் குஞ்சும் நண்டும் சங்காயம் என்ற பெயரில் கரையில் காய்ந்து, நாமக்கல் பக்கம் கோழித்தீவனத்துக்குப் போகிறது. நம் வீட்டு முட்டையிலும் அந்தச் சங்கிலி உரசியிருக்கிறது.

இந்த ஜூலையில் அப்பாவை மலைக்குக் கூட்டிவந்தேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம். குஞ்சப்பனைப் பக்கம் அது பலாப்பழக் காலம், யானைகள் ரோட்டோரம் வரும். ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். முன்னால் ஏற்கெனவே ஒரு லாரியும் இரண்டு காரும் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

ஒரு பெண் யானை, குட்டியோடு. குட்டி தாயின் முன்னங்கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்து, தும்பிக்கையை நெற்றிமேல் மடித்துக்கொண்டு வாயால் பால் குடித்தது. நிலத்தில் ஆவுளியாவுக்கு மிக நெருங்கிய சொந்தம் யானைதான், சுமார் 6 கோடி வருடத்துக்கு முன் ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவை என்று அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லத் தேவைப்படவில்லை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதுக்கும் இங்கதானாடா இருக்கு" என்று தன் அக்குள் பக்கம் தொட்டுக் காட்டினார்.

"ஆமாப்பா."

குடித்து முடிக்கும்வரை பஸ் நின்றது. பிறகு இரண்டும் சரிவில் இறங்கின, புதர் மூடிக்கொண்டது. டிரைவர் இன்ஜினைப் போட்டார். வளைவு திரும்பிய பிறகும் அப்பா கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்த பக்கத்திலிருந்து சரிவு தெரியவில்லை, என் பக்கம் தெரிந்தது.

"குட்டி கூடத்தானே போவுது?" என்றார்.

"கூடத்தாம்பா போவுது."